தராசு ஒரு கணக்கு, பீங்கான் ஒரு கணக்கு

ஊவாவில் எந்தத் தேயிலை ஸ்டோருக்குள் போனாலும் ஒரு அறை இருக்கும். பெரிய சன்னல், சன்னலை ஒட்டி நீளமான மேசை, மேசைமேல் வரிசையாக வெள்ளைப் பீங்கான். கைப்பிடியும் மூடியும் உள்ள சின்னக் கோப்பை ஒன்று, அதற்கு முன்னால் கைப்பிடி இல்லாத கிண்ணம் ஒன்று. இரண்டும் சேர்ந்தால் ஒரு சோடி. அப்படிப் பத்துச் சோடி, இருபது சோடி இருக்கும். கோப்பையின் விளிம்பில் ஒரு இடத்தில் மட்டும் சீப்புப் பல் மாதிரி வெட்டி விட்டிருப்பார்கள். பூ இல்லை, கோடு இல்லை, தங்க விளிம்பு இல்லை. பார்க்க ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரிதான் இருக்கும்.

நம்ம அம்மாமார் பறிக்கிற கொழுந்துக்கு விலை வைக்கிற சாமான் இதுதான். தராசு என்று நிறையப் பேர் நினைக்கிறோம். தராசு வைக்கிறது அவங்க கூலிக்குக் கணக்கு. தேயிலைக்கு விலை வைக்கிறது பீங்கான். இந்த இரண்டு கணக்கும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை என்பதுதான் நான் சொல்ல வருகிற விசயம்.

முதலில் அந்த மேசையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். செய்து முடித்த தூளில் 2.8 கிராமை நிறுத்துக் கோப்பைக்குள் போடுவார்கள். அப்போதுதான் கொதித்த தண்ணீரை விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வரை ஊற்றி, மூடி, ஐந்து ஆறு நிமிடம் விடுவார்கள். பிறகு மூடியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கோப்பையை அப்படியே கிண்ணத்துக்குள் படுக்க வைத்தால், சாயம் அந்தப் பல் வழியாக வடிந்துவிடும், இலை உள்ளே நின்றுவிடும். கடைசியில் வெந்த இலையை மூடியின் உள்பக்கத்தில் தட்டி, மூடியைக் கோப்பை மேலேயே மல்லாக்க வைப்பார்கள். ஆக ஒரு தேயிலைக்கு மூன்று சாட்சி. காய்ந்த தூள், கிண்ணத்துச் சாயம், மூடிமேல் இலை. டீமேக்கர் ஐயா கரண்டியால் அள்ளி 'ஸ்ர்ர்ர்' என்று பெரிய சத்தத்தோடு உறிஞ்சுவார், வாய்க்குள் சுழற்றுவார், துப்புவார். வீட்டில் அப்படிக் குடித்தால் நமக்கு முதுகில் ஒன்று விழும். அங்கே அதுதான் தொழில்.

இதற்கு உலக அளவில் ஒரு தரவிதியே இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 3103, 1980 இல் வந்தது. 100 மில்லிலீட்டர் தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, ஆறு நிமிடம், கோப்பை வெள்ளைப் பீங்கானாக அல்லது மெருகிட்ட மண்பாண்டமாக இருக்க வேண்டும், மூடி இருக்க வேண்டும், விளிம்பில் பல் இருக்க வேண்டும் என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். தேநீர் போட இவ்வளவு எழுத்தா என்று சிரித்து, இதன் பிரிட்டிஷ் பதிப்புக்கு 1999 இல் இலக்கியத்துக்கான இக் நோபல் பரிசையும் கொடுத்தார்கள். எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் இந்த விதி ருசியான தேநீருக்கான செய்முறை இல்லை. மடுல்சீமைத் தேயிலையையும் கென்யாத் தேயிலையையும் ஒரே மேசையில் வைத்து நியாயமாக ஒப்பிட வேண்டுமென்றால், தேயிலையைத் தவிர மற்ற எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு கெடுபிடி.

ஏன் பீங்கான்? மெருகிடாத மண் கோப்பை நேற்றைய சாயத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இரும்பு பட்டால் சாயம் கறுத்துப்போகும். பிளாஸ்டிக் வாசத்தைப் பிடித்து வைக்கும். மெருகிட்ட பீங்கான் எதையும் எடுக்காது, எதையும் கொடுக்காது, கழுவினால் புதுசு. ஊறுகாயை ஜாடியில் போடுகிற பாட்டிமாருக்கு இந்தக் கணக்கு எப்பவோ தெரியும். உப்பும் புளிப்பும் அந்த மெருகை ஒன்றும் செய்யாது. ஏன் வெள்ளை? சாயத்தின் நிறம் பொய் சொல்லாமல் தெரிய. ஏன் மூடி? சூடும் வாசமும் ஓடிவிடாமல் இருக்க.

ஊவாவுக்கு இந்த மூடி மற்ற இடத்தைவிட முக்கியம். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குப் பக்கத்து மலைகளில் கொட்டித் தீர்த்துவிட்டு, வெறும் காய்ந்த காற்றாக நம்ம பக்கம் இறங்கும். கச்சான். உதடு வெடிக்கும், தகரம் பறக்கும், கொழுந்து சிறுத்துப்போகும். அந்தச் சிறுத்த கொழுந்தில்தான் ஊவாவின் பெயர் பெற்ற வாசம் திரளும். குளிர்ந்த, கொஞ்சம் புதினா மாதிரி ஒரு வாசம். அந்த வாசத்தில் பெரிய பங்கு மெதைல் சாலிசிலேட் என்கிற பொருளுக்கு. மேல்வலிக்குத் தேய்க்கிற தைலங்களில் மூக்கைத் துளைக்கிறதே, அதே பொருள். நாள் முழுக்க மலை ஏறி இறங்கிவிட்டு ராவைக்கு லயத்தில் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கிற பெண்ணின் முதுகிலும் அந்த வாசம், கொழும்பில் தரகரின் கோப்பைக்குள்ளும் அந்த வாசம். இதை நான் கதைக்காகச் சேர்க்கவில்லை. வேதியியல் அப்படித்தான் இருக்கிறது.

வெள்ளைப் பீங்கான், மூடி என்றதும் எங்கள் பக்கத்தில் சில பேருக்கு வேறொரு சாமான் ஞாபகத்துக்கு வரும். துரை பங்களாவின் சாப்பாட்டறையில், கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கிற மூடி போட்ட வெள்ளை ஜாடி. அந்தக் காலத்து ஜப்பான் சாமான் என்பார்கள். அப்புத்தளைப் பக்கம் பனி இறங்கினால் பிஸ்கட் அரை நாளில் நமுத்துப்போகும், சீனியில் எறும்பு. அதற்குத்தான் பங்களாக்களில் மூடி ஜாடி. பிஸ்கட், சீனி, புகையிலை, தேயிலை எல்லாம் அதற்குள் போகும். பங்களாவில் வேலை பார்த்த என் பெரியப்பா சொல்வார்: "அந்த ஜாடிய தொடைக்கத்தான் நமக்குப் பாத்தியத. தொறக்க இல்ல." இப்போது பல பங்களாக்கள் ஹோட்டலாகிவிட்டன. ஜாடி இன்னும் அதே அலுமாரியில், பக்கத்தில் விளக்கு போட்டு நிற்கிறது. பயணிகள் படம் எடுக்கிறார்கள். (பழைய சாமானில் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு: அமெரிக்காவுக்கு என்று செய்த ஜப்பான் பீங்கானில் 1891 இலிருந்து அடியில் 'நிப்பொன்' என்றும், 1921க்குப் பிறகு 'ஜப்பான்' என்றும் முத்திரை குத்தினார்கள். வேறு நாடுகளுக்குப் போனதில் இந்தக் கணக்கு அவ்வளவு ஒழுங்காக நிற்காது. 'பழங்காலத்துச் சாமான்' என்று யாராவது விலை சொன்னால் முதலில் கவிழ்த்து அடியைப் பாருங்கள்.)

அந்த ஜாடி எங்கிருந்து கிளம்பியது என்று தேடிப் போனால் கதை நமக்குப் பழக்கமான மாதிரியே இருக்கும்.

ஜப்பானின் கியூஷு தீவில் அரித்தா என்று ஒரு சின்ன ஊர். 1592க்கும் 1598க்கும் நடுவில் ஜப்பான் படைகள் கொரியாவுக்குள் புகுந்தபோது, திரும்பி வரும் கப்பல்களில் கொரியக் குயவர்களையும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அப்படி வந்தவர்களில் யி சாம்பியோங் என்பவர் அரித்தாவுக்குப் பக்கத்தில் இசுமியாமா மலையில் வெள்ளைப் பீங்கானுக்குத் தேவையான கல்லைக் கண்டுபிடித்தார், 1616 இல் ஜப்பானின் முதல் பீங்கானைச் செய்தார் என்று அந்த ஊர் மரபு சொல்கிறது. அதற்கு முன் ஜப்பானில் வெள்ளைப் பீங்கான் என்றால் சீனாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வந்ததுதான். பிறகு அந்த மலையை வெட்டி வெட்டி, இன்றைக்கு மலை இருந்த இடத்தில் பெரிய பள்ளம்தான் இருக்கிறது.

1650களில் ஒல்லாந்தக் கம்பனி அரித்தாவிடம் சாமான் கேட்கத் தொடங்கியது. இலங்கையின் கரையோரத்தைப் பிடித்து வைத்திருந்த அதே கம்பனிதான். ஆரம்பத்தில் அவர்கள் கேட்டவற்றில் முக்கியமானவை பத்தாவியா மருந்துச்சாலைக்கு மருந்துக் குப்பிகளும் களிம்பு ஜாடிகளும். 1659 இல் ஒரே தடவையில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உருப்படிக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஜப்பானுக்குள்ளேயும் மூடி போட்ட வெள்ளை ஜாடிக்கு வேலை நிறைய. தேநீர்ச் சடங்கில் குளிர்ந்த தண்ணீர் வைக்க ஒரு மூடி ஜாடி, சமையலறையில் ஒன்று. இன்றைக்கு அங்கே தகனத்துக்குப் பிறகு எலும்பு வைக்கவும் வெள்ளை மூடி ஜாடி இருக்கிறது. தேநீருக்கும் ஜாடி, எலும்புக்கும் ஜாடி. பீங்கானுக்கு இரண்டும் ஒன்று.

நான் நின்று யோசித்த இடம் வேறு. அரித்தாவில் மலைச்சரிவில் தொஸான் என்று ஒரு கோயில் இருக்கிறது. வாசல் வளைவே பீங்கானில் செய்தது. அங்கே யி சாம்பியோங்கையும் வைத்துக் கும்பிடுகிறார்கள். கோயிலுக்கு மேலே குன்றில் அவருக்கு 1917 இல் நினைவுத்தூணும் கட்டினார்கள். கைதியாகக் கொண்டுவரப்பட்ட ஒரு தொழிலாளி அந்த ஊருக்குச் சாமி. அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். நானூறு வருசத்துக்குப் பிறகு பூச்சரம் போடுவது சுலபம். அவரோடு வந்த எத்தனையோ பேருக்குப் பெயரே இல்லை. ஆனாலும், கையால் செய்தவனின் பெயரை அந்த ஊர் தெரிந்து வைத்திருக்கிறது. நம்ம தம்பேதன்னைக்கு மேலே ஏறினால் யாருடைய சிலை உட்கார்ந்திருக்கிறது? லிப்டனுடையது. 1890 இல் தோட்டம் வாங்க வந்தவர். காடு வெட்டியவர்கள், பாதை போட்டவர்கள், கன்று நட்டவர்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். அந்தப் பாதையை 2023 இல் 'மலையகம் 200' நடைபயணமாகத் திரும்ப நடந்தபோதுதான் நம்மில் பாதிப் பேர் அந்தப் பாதையைப் படத்தில் பார்த்தோம்.

மாத்தளை என்றதும் இன்னொன்று. ஜப்பானின் நொரிதாக்கே 1972 இலிருந்து மாத்தளையில் பீங்கான் செய்கிறது. அதற்குத் தேவையான பெல்ட்ஸ்பார் கல்லும் மாத்தளைப் பக்கத்திலேயே கிடைக்கிறது, வெள்ளைக் களி பொரலஸ்கமுவையில் கிடைக்கிறது. ஆக 'ஜப்பான் பீங்கான்' என்று எட்டத்தில் வைத்துப் பார்த்த சாமான் இப்போது நம்ம மலையிலேயே சுடப்படுகிறது. இந்தப் பக்கம் நம்ம தேயிலை ஜப்பானுக்குப் போகிறது. அங்கே 'உலகத்தின் மூன்று பெரிய கறுப்புத் தேயிலைகள்' என்று ஒரு பட்டியல் ரொம்பப் பிரபலம். டார்ஜிலிங், சீனாவின் கீமுன், மூன்றாவது ஊவா. பதுளை எங்கே இருக்கிறது என்று தெரியாத தோக்கியோக்காரருக்கும் 'ஊவா' என்ற சொல் தெரியும். அதன் வாசம் தெரியும். அதைப் பறிக்கிற என் சித்திக்கு அந்த வாசம் தெரியாது. பச்சைக் கொழுந்தின் வாசம் தெரியும், சாக்கு வாசம் தெரியும். செய்த தூளை மூடி போட்டு ஆறு நிமிடம் விட்டுத் திறந்தால் என்ன வரும் என்று யாரும் அவங்களுக்குக் காட்டவில்லை. எங்கள் தோட்டத்தில் மாதாமாதம் கொடுக்கிற தூள் வேறு தூள். அதைச் சீனியோடு கொதிக்கவிட்டு, போத்தலில் ஊற்றி, ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு மலைக்குப் போகிறார்கள்.

இப்போது தராசுக்கு வருவோம். இங்கேதான் எனக்குக் கோபம்.

கச்சான் அடிக்கிற மாதங்களில் ஊவாத் தேயிலைக்கு ஏலத்தில் நல்ல விலை. 1883 இலிருந்து நடக்கிற கொழும்பு ஏலத்தில் அந்தப் பருவத் தேயிலைக்காகவே காத்திருக்கிற வாங்குநர்கள் உண்டு. ஆனால் அதே மாதங்களில் மலையில் கொழுந்து இல்லை. வாசம் திரள்வதும் கொழுந்து குறைவதும் ஒரே காரணத்தால். காய்ச்சல், காற்று. நாளுக்கு இத்தனை கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு அளவு இருக்கிறது, 16, 18, 20 என்று. மழைக்காலத்தில் மத்தியானத்துக்குள் நிரம்புகிற கூடை ஆகஸ்டில் பொழுது சாய்ந்தாலும் நிரம்பாது. அளவுக்கு வராவிட்டால் அரைப்பேர். நாள் முழுக்க மலையில் நின்றவளுக்கு அரை நாள் சம்பளம். அதிலும் ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிவு வேறு.

ஒரு நிமிடம் நிறுத்தி யோசியுங்கள். ஒரு பெண் பறிக்கிற கொழுந்து வருசத்திலேயே உசத்தியான தேயிலை ஆகிற நாளில்தான் அவளுக்கு வருசத்திலேயே குறைந்த கூலி. கோப்பை 'இது முதல்தரம்' என்கிறது. தராசு 'நீ இன்றைக்கு வேலையே செய்யவில்லை' என்கிறது. இரண்டும் பேசுவது ஒரே கொழுந்தைப் பற்றி.

கிலோக் கணக்கையே எடுத்தாலும் பாருங்கள். பச்சைக் கொழுந்து நாலரை, ஐந்து கிலோ சேர்ந்தால் ஒரு கிலோ தூள். 18 கிலோ கொழுந்து கிட்டத்தட்ட 3.9 கிலோ தூள் ஆகும். கோப்பைக்கு 2.8 கிராம் என்றால், ஒரு பெண்ணின் ஒரு நாள் வேலையில் அந்த மேசையில் ஆயிரத்து முன்னூறுக்கும் மேற்பட்ட கோப்பை போடலாம். ஒரு நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆக வேண்டும் என்று 2015 இலிருந்து கேட்டு, 2021 மார்ச்சில்தான் அது வந்தது. 2024 செப்டம்பரில் 1350 ஆனது. இந்தப் பேச்சுவார்த்தைகளில் எல்லாம் கிலோவைப் பற்றிப் பேசினார்கள், நாளைப் பற்றிப் பேசினார்கள், மேலதிக கிலோவுக்கு எவ்வளவு என்று பேசினார்கள். கோப்பையைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. தொழிற்சங்கத்து அண்ணன்மாரிடம் இதைக் கேட்டேன். "தம்பி, அது ஸ்டோரு விசயம்" என்றார்கள். அப்படியே விட்டுவிட்டோம், நூற்றைம்பது வருசமாக.

நிர்வாகப் பக்கத்திலிருந்து வருகிற பதில் எனக்குத் தெரியும். கோப்பையில் தெரிகிற குணம் பறிப்பதால் மட்டும் வருவதில்லை, வாட்டு சரியாக இருக்க வேண்டும், ரோல் சரியாக இருக்க வேண்டும், ட்ரையர் சூடு சரியாக இருக்க வேண்டும். உண்மைதான். ட்ரையரில் சூடு கூடினால் ஒரு ருசி, குறைந்தால் வெந்து புழுங்கின ருசி. டீமேக்கரின் கை பெரிய கை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே மூடிமேல் பறித்த கையும் தெரியும். இரண்டு இலையும் ஒரு குருத்தும் சீராகப் பறித்திருந்தால் வெந்த இலை புதுச் செம்புக் காசு மாதிரி ஒரே நிறத்தில் மினுங்கும். முற்றின இலை கலந்திருந்தால் பச்சையும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். சாக்கில் அமுக்கி அடைத்து வெயிலில் போட்டுச் சூடேறின கொழுந்து என்றால் மங்கிப்போயிருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். முற்றின இலையை ஏன் பறிக்கிறார்கள்? கிலோவுக்காக. கொழுந்தை ஏன் அமுக்குகிறார்கள்? தராசுக்கு வருகிற நேரத்துக்குள் சாக்கு நிரம்ப வேண்டும். எடைக்குக் கூலி கொடுத்துவிட்டுக் கோப்பையில் குணத்தை எதிர்பார்ப்பது, அரிசியைக் கல்லோடு நிறுத்து வாங்கிவிட்டு சோறு நறநறக்கிறது என்று சத்தம் போடுகிற மாதிரி.

இதற்கு ஒரு தப்பான மருந்தும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். 'சரி, கோப்பையை வைத்தே ஒவ்வொருத்தருக்கும் மார்க் போடுவோம்' என்று யாராவது கிளம்பினால், அது கணக்கப்பிள்ளை கையில் இன்னொரு பிரம்பாக மாறும். அதைச் செய்யவும் முடியாது. எல்லார் கொழுந்தும் ஒரே வாட்டுத் தட்டில்தான் விழுகிறது. எந்தக் கோப்பையும் ஒரு தனி ஆளின் கூடையைக் காட்டாது. நான் கேட்பது அதுவல்ல. பருவத் தேயிலைக்கு ஏலத்தில் கிடைத்த கூடுதல் விலையில் தோட்டம் முழுவதுக்கும் ஒரு பங்கு. கச்சான் மாதங்களில் கிலோ அளவைக் கீழே இறக்குவது. ஏலத்தில் நம்ம தோட்டத்துத் தேயிலை என்ன விலைக்குப் போனது என்று கொழுந்து மடுவத்துப் பலகையில் தமிழில் எழுதிப் போடுவது. கடைசியாகச் சொன்னதற்கு ஒரு சாக்கட்டிதான் செலவு.

அதோடு ஒரு நாளாவது, சம்பள நாளிலேயே வைத்துக்கொள்ளலாம், அந்த மேசையைப் பறிக்கிறவர்களுக்குத் திறந்துவிடுங்கள். பெரிய கேள்வி இல்லை. பல ஸ்டோர்களில் டிக்கட் எடுத்து வருகிற பயணிகளுக்கு இதே கோப்பையில் ருசி பார்க்கக் கொடுக்கிறார்கள். போன வருசம் நானும் நண்பர்களோடு டிக்கட் எடுத்துத்தான் முதல் தடவையாக அந்த வரிசைக்கு முன்னால் நின்றேன். எங்கள் ஊரிலிருந்து அரை மணித்தியால பஸ் தூரம். மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள் என்றார் வழிகாட்டி. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரம்மா கண்ணை மூடிக்கொண்டு 'ஆ' என்றார். அந்த வாசம் உண்மையாகவே நல்ல வாசம், அதை மறைக்க வேண்டியதில்லை. சன்னல் வழியாகப் பார்த்தால் எதிர்மலையில் ஆட்கள் நிரை பிடித்துப் பறித்துக்கொண்டிருந்தார்கள். அவங்களில் யாருக்கும் டிக்கட் இல்லை. யாரும் தடுத்தார்கள் என்று சொல்லவில்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். தமிழ்நாட்டுக் கிராமங்களின் இரட்டைக் குவளை பற்றி நாம் எல்லாரும் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். யாரும் எழுதிப் போடாத, யாரும் தடுக்காத ஒரு இரண்டாவது குவளை நம்ம ஸ்டோரிலும் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பேசலாம்.

'ருசி பார்த்து என்ன ஆகப்போகுது, வயிறா நிரம்பும்' என்று எங்கள் குழுவிலேயே ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. வயிறு நிரம்பாது. ஆனால் பேரம் பேசுகிறவனுக்குத் தன் சரக்கு என்ன தரம் என்று தெரிந்திருக்க வேண்டாமா? மீன் விற்கிறவருக்குத் தெரியும், மரக்கறி விற்கிற வெலிமடைக் கமக்காரருக்குத் தெரியும். அவர் உருளைக்கிழங்கைக் கையில் எடுத்தவுடனேயே எந்த விலைக்குப் போகும் என்று சொல்வார். தன் கையிலிருந்து போன பொருளின் தரத்தை மற்றவர் வாயால் மட்டும் கேட்கிற ஆள் நம்ம தோட்டத்து ஆள்தான். 'இந்த முறை தேயிலை சரியில்ல, விலை இல்ல' என்று மேலே இருந்து சொன்னால் நம்ப வேண்டியதாக இருக்கிறது. மூடியைத் திறந்து பார்த்த நூறு பேர் ஒரு தோட்டத்தில் இருந்தால் அந்தப் பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

படித்த பிள்ளைகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கு என்று பட்டப்படிப்பு இருக்கிறது. உயர்தரம் முடித்த நம்ம பிள்ளைகள் கொழும்புக் கடைக்கும் கார்மெண்ட்டுக்கும் போகிற பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால், ருசி பார்ப்பவர் என்று ஒரு தொழில் இருக்கிறது, அதற்கு நாக்கும் மூக்கும் பழக்கமும் போதும், பரம்பரை தேவையில்லை என்று யாராவது சொல்லியிருக்கிறோமா? பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர்கள் மனசு வைத்தால் ஒரு பாடவேளை போதும். ஒரே அளவு தூள், ஒரே அளவு தண்ணீர், ஒன்று மூடி போட்டு, ஒன்று போடாமல். வெள்ளைக் கிண்ணம் இல்லாவிட்டால் வெள்ளைப் பீங்கான் எதுவும் சரி. 'பீங்கான்' என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து கடல் வழியாக வந்தது. மலாயில் பிங்கான் என்றால் தட்டு, சிங்களத்தில் பிங்கான என்றாலும் தட்டு. பிள்ளைகளுக்கு இதையும் சொன்னால் மொழிப்பாடமும் ஆச்சு.

அடுத்த கச்சான் ஜூலையில் அடிக்கும். அதற்கு முன்னால், தோட்டத்தில் வீடு உள்ளவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஸ்டோரில் டீமேக்கரைப் பார்த்து, அம்மாவையோ சித்தியையோ ஒரு நாள் ருசி அறைக்குக் கூட்டிவரலாமா என்று மரியாதையாகக் கேளுங்கள். சிலர் சிரிப்பார்கள், சிலர் 'தொரைகிட்ட கேக்கணும்' என்பார்கள், ஒருத்தராவது சரி என்பார். என்ன பதில் வந்தது, கோப்பையைத் திறந்ததும் அவங்க என்ன சொன்னாங்க என்று எழுதி அனுப்புங்கள். வருவதை எல்லாம் சேர்த்து ஆகஸ்டில் இங்கேயே போடுவோம்.